வீட்டில் துவைப்பவர் எத்தனை பேர்

"இன்னொரு செம்பு ஊத்து. வலது தோள்லேர்ந்து" என்றாள் லல்லா தவுஸ். மெக்ரின் வட்டாரத்தில் எந்தப் பெண் செத்தாலும் குளிப்பாட்ட வருகிறவள் அவள்தான்.

எம்னா ஊற்றினாள். பலகையில் கிடந்தது அவளுடைய உம்மா, மஹ்பூபா. விடிகாலைத் தொழுகை அழைப்புக்குக் கொஞ்சம் முன்னால் மூச்சு நின்றிருந்தது. மூன்று வருஷமாக இழுத்து இழுத்து விட்ட மூச்சு. அது நின்றதும் எம்னாவுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, அப்பாடா என்ற நினைப்புதான். அதற்காகத் தன்னைத் திட்டிக்கொள்ளக்கூட அவளிடம் தெம்பில்லை.

"இதென்னடி, உம்மாவைக் குளிப்பாட்டக் கையுறையா?"

"பழக்கம், லல்லா. ஆபீஸ்ல எதைத் தொட்டாலும் போட்டுத்தான் தொடுவோம்."

"நல்ல ஆபீஸ்!" கிழவி மஹ்பூபாவின் விரல்களைப் பிரித்துக் கழுவினாள். நுனியெல்லாம் வெடித்திருந்தது. "பாவி மக, உன் பாபாவோட வேலைத்துணியைத் துவைச்சே கையைத் தேய்ச்சுட்டா. வாராவாரம் முற்றத்துல நின்னு உதறுவா பாரு, ஊரே வெள்ளையாப் போகும். இருமிக்கிட்டே சிரிப்பா. இவ துவைச்சாளா, மாவு சலிச்சாளான்னு நாங்க கேலி பண்ணுவோம்."

எம்னாவின் கையில் செம்பு அப்படியே நின்றது.

"ஊத்தும்மா. கற்பூரத் தண்ணி ஆறுது."

ஊற்றினாள். எந்த ரசாயனம் மனுஷனை என்ன செய்யும், மீனை என்ன செய்யும், மண்ணில் எத்தனை நாள் கிடக்கும் என்று கணக்கிட்டுத் தாள் எழுதுவதுதான் அவள் பிழைப்பு. இரண்டு வருஷத்துக்கு முன்னால், பிரேக் கட்டைகளில் கலக்கும் ஒரு தூளின் தாள் அவள் மேசைக்கு வந்தது. அவளுடைய பாபா ஷெத்லி வேலை பார்க்கும் தொழிற்சாலைத் தூள். இது எங்கப்பா வேலை செய்கிற இடம் என்று அவள் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. தூளைச் சுவாசிக்கும் ஆட்கள்: நானூற்றுப் பன்னிரண்டு. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், முகமூடியோடு. ஒவ்வொன்றையும் விசாரித்து நிரப்பினாள். கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. வேலைத்துணியை வீட்டில் துவைப்பவர் எத்தனை பேர் என்று கேட்டது.

அதை யாரும் விசாரிப்பதில்லை. அந்த ஆபீஸ் வழக்கப்படி விசாரிக்காத கட்டத்தில் ஒரு சிறு கோடு போட வேண்டும். "பூஜ்யம் போட்டா ஆதாரம் எங்கன்னு கேப்பான். கோடு போடு, ஒருத்தனும் கேக்க மாட்டான்" என்பார் மேலதிகாரி ரிதா. எம்னாவும் கோடு போட்டாள். ஆபீஸில் அதற்கு 'கேட்கவில்லை' என்று பொருள். தொழிற்சாலையில் அதையே 'யாருமில்லை' என்று படித்துக்கொண்டார்கள்.

அந்தத் தாளைச் சட்டம் போட்டுச் சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். ஷெத்லி அதை போனில் படம் பிடித்துக்கொண்டு வந்தார். மஹ்பூபா திரையில் மகளின் கையெழுத்துக்கு முத்தம் கொடுத்தாள். அப்போதே அவளுக்கு மாடிப்படி ஏற முடியவில்லை.

திங்கட்கிழமை அந்தத் தாளைப் புதுப்பிக்க வேண்டும். வரைவு எம்னாவின் பையில்தான் இருக்கிறது. அந்தத் தூள்தான் உம்மாவைக் கொன்றது என்று அவளால் சத்தியம் செய்ய முடியாது. ஒரு சாவை வைத்து முடிவு சொல்லாதே என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவளே அவள்தான். ஆனால் கட்டத்தை நிரப்பினால் புதுத் தாளும் அதே சுவரில்தான் தொங்கும். பாபா அதன் கீழே உட்கார்ந்து ரொட்டி தின்பார். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம், தன் சட்டைத் தூள்தானோ அவளைக் கொன்றது என்று தினமும் மதியம் அதைப் படிப்பார். நிரப்பாவிட்டாலோ, நானூற்றுப் பன்னிரண்டு வீட்டிலும் யாரோ ஒருத்தி உதறிக்கொண்டே இருப்பாள். நினைக்கவே அலுப்பாக இருந்தது. சனியன் பிடித்த கட்டம்!

கஃபன் துணி சுற்றி முடித்ததும் எம்னா முற்றத்துக்கு வந்தாள். ஷெத்லி சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில், பாடை வருவதற்காகக் காத்திருந்தார். யாரோ கொடுத்த காபி கையில் ஆறிக்கொண்டிருந்தது. சாவு வீட்டில் மூன்று நாளைக்கு அடுப்பு எரியாது. வீட்டு வேலையெல்லாம் அக்கம்பக்கத்துப் பெண்கள் தலையில். எதிர்வீட்டு ஸ்லீமா ஒரு பானை குஸ்குஸ் சோற்றை இறக்கி வைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த ஷெத்லியின் நீலச் சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"இது ஒரு வாரமாத் தொங்குது போல. நான் நனைச்சுப் போட்டுடறேன்" என்று இரு கையாலும் தோளைப் பிடித்து உதற ஓங்கினாள்.

"உதறாதீங்க!"

எம்னாவுக்கே தன் குரல் அந்நியமாக இருந்தது. முற்றத்து மூலையில் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"என்னம்மா, துணியைத்தானே..."

"கீழ வைங்க அக்கா. மெதுவா. உதறாம."

ஸ்லீமா வைத்தாள். ஷெத்லி அந்தச் சட்டையைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"ஏன்?"

பொய் சொல்ல அவளுக்கு அரை நொடி இருந்தது.

"அதுல தூள் இருக்கு, பாபா."

"என்னிக்கும்தான் இருந்துச்சு." அவர் குரல் இறங்கியது. "நீதானே எழுதினே, ஒண்ணும் இல்லேன்னு?"

"இல்லேன்னு எழுதலை. அந்தக் கேள்வியை நான் கேக்கவே இல்லை. கேக்காம ஒரு கோடு போட்டுட்டேன்."

"இந்த வீட்லயும் கேக்கலையா?"

"இந்த வீட்லயும் கேக்கலை."

அவர் காபிக் கோப்பையைத் தரையில் வைத்தார். வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் "லா இலாஹ இல்லல்லாஹ்" என்ற குரல்கள் எழுந்தன. பாடை வந்துவிட்டது. மஹ்பூபாவை அதில் கிடத்தியதும் அவர் எழுந்து, முன்பக்கக் கம்பில் தோள் கொடுத்து நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

அடக்கத்துக்குப் பெண்கள் போவதில்லை. எம்னா சமையலறையில், எரியாத அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பையைத் திறந்தாள். வரைவிலும் பழைய கோடு அப்படியே இருந்தது. அதை அடித்தாள். பக்கத்தில் '1' என்று எழுதினாள். அது யார் என்று கேட்டால் பெயரும் சொல்லலாம். கீழே, மற்ற வீடுகளில் இதுவரை கேட்கப்படவில்லை, கேட்க வேண்டும், அதுவரை துணி தொழிற்சாலையைத் தாண்டக் கூடாது என்று எழுதினாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஸ்லீமா வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து ஆண்கள் திரும்பினார்கள். ஒவ்வொருவராக உள்ளே வந்து குஸ்குஸ் தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஷெத்லியை மட்டும் காணோம்.

எம்னா வாசலுக்குப் போனாள். அவர் நிலைப்படிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். தினமும் வேலை விட்டு வந்து அவர் நிற்கும் இடம் அதுதான். மஹ்பூபா ஓடி வந்து முதுகிலும் முழங்காலிலும் படபடவென்று தட்டி உள்ளே இழுப்பாள். குழிக்குள் இறங்கியிருந்ததில் அவருடைய கால்சட்டை முழங்கால்வரை செம்மண் அப்பியிருந்தது. இரு கையையும் உடம்பில் படாமல் விலக்கி வைத்திருந்தார்.

"உள்ள வாங்க, பாபா."

"இதை எங்க உதறணும்?" என்று கேட்டார்.

எம்னா மண்டியிட்டு, வெறுங்கையால் அவர் முழங்காலைத் தட்டத் தொடங்கினாள்.