வீட்டை வாங்கப் போகிறவர்

அந்த வீட்டில் இருந்தது நாலு பேர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த கண்ணாடிக்காரர், அவர் மனைவி, அவருடைய தம்பி, அப்புறம் தவழ்வதை விட்டு எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கத் தொடங்கியிருந்த பெண் குழந்தை. ஆனால் அங்கே ஓர் ஆணி அடிப்பதென்றாலும் ஐந்தாவதாக ஒருத்தரின் சம்மதம் வேண்டும். அவரை யாரும் பார்த்ததில்லை. அவர் எந்த வருஷம் வருவார் என்றும் தெரியாது. என்றைக்காவது அந்த வீட்டை விலைக்கு வாங்கப் போகிறவர் அவர்.

வீட்டை விற்கும் யோசனை யாருக்கும் இல்லை. இருந்தாலும் கண்ணாடிக்காரர் கடைக்குக் கண் பரிசோதனைக்கு வந்த யாரோ ஒருவர், வீட்டுக்குச் செய்கிற செலவெல்லாம் விற்கும்போது திரும்பி வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சொன்னவர் போய்விட்டார். சொன்னது போகவில்லை.

சமையலறைக்கு இளம்பச்சை அடிக்கலாம் என்று மனைவி ஆசைப்பட்டாள். அவருக்குப் பச்சை பிடிக்காது என்றார் கண்ணாடிக்காரர். எவருக்கு என்று கேட்டால், வாங்கப் போகிறவருக்கு. துணி காயப்போடக் கொல்லையில் கொடி கட்டினாள். அவர் பார்த்தால் என்ன நினைப்பார் என்று அவிழ்த்துவிட்டார். கொழுந்தன் அண்ணி அண்ணி என்று கூப்பிட, அதைக் கேட்டுத் தெருவே அவளை அண்ணி என்று அழைத்தது. மாமியாராக இருந்தாலும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசலாம், வராத மனுஷனிடம் எப்படிப் பேசுவது என்று அண்ணி மனசுக்குள் பொருமினாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். மாடிப்படியைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

படியின் ஒரு பக்கம் சுவர். மறுபக்கம் இரும்புக் கைப்பிடி இருந்தது. அது ஜெயில் மாதிரி இருக்கிறது, அவர் வாசலிலேயே திரும்பிவிடுவார் என்று கண்ணாடிக்காரர் அதைப் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். அதற்குப் பதில் கண்ணாடித் தடுப்பு வரப்போகிறது. எந்தக் கண்ணாடி என்பதில்தான் முடிவு ஏற்படவில்லை. கடையில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்கிற பழக்கத்தில், இரண்டு துண்டுக் கண்ணாடியை அண்ணியின் முகத்துக்கு முன்னால் மாறி மாறிப் பிடித்து, இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதுவரைக்கும் படி ஒரு பக்கம் மொட்டையாக நின்றது. தடுக்கினால் நேரே கீழே கல் தரை.

குழந்தைக்குப் புயல் என்று பேர் வைத்திருந்தான் சித்தப்பன். அண்ணி படிக்குக் கீழே ஒரு மேஜையைக் குறுக்கே போட்டாள். புயல் மேஜைக்கு அடியில் புகுந்து இரண்டு படி ஏறித் திரும்பிச் சிரித்தது. வருகிற திங்கட்கிழமை அண்ணி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் மறுபடி வேலையில் சேர வேண்டும். அதற்கப்புறம் பகலெல்லாம் புயல் அப்பாவின் பொறுப்பு. முன்னறைதான் அவர் கடை. விளக்கை அணைத்துவிட்டு யாருடைய கண்ணையாவது அவர் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் புயல் எங்கே இருக்கும்?

நயமாகச் சொல்லிப் பார்த்தாள். சண்டை போட்டாள். பேசாமல் இருந்து பார்த்தாள். கண்ணாடி வந்துகொண்டே இருக்கிறது என்பதுதான் பதில்.

இப்படி இருக்கும்போது, திங்கட்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை காலையில் கண்ணாடிக்காரருக்கு ஒரு யோசனை உதித்தது. வாங்கப் போகிறவர் வந்தால் என்ன சொல்வார் என்பதை ஒத்திகை பார்த்துவிட்டால் என்ன? தம்பிதான் வாங்கப் போகிறவர். வாசலுக்கு வெளியே போய்விட்டுப் புது ஆளாக உள்ளே வரவேண்டும்.

தம்பிக்குக் கசக்குமா? மெத்தைக் கடையில் விற்பனையாள் அவன். படுத்துப் பாருங்க சார், புரண்டு பாருங்க சார் என்று நாள் முழுக்க யார் யாரையோ கெஞ்சுகிறவன். ஒரு நாளாவது தன்னை ஒருத்தர் சார் என்று கூப்பிட மாட்டாரா என்ற ஏக்கம் அவனுக்கு வெகுநாளாக உண்டு. அண்ணனுடைய நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டான். கடையிலிருந்து ஒரு கறுப்புக் கண்ணாடியும் எடுத்து மாட்டிக்கொண்டான். அதில் விலைச் சீட்டு காதோரம் ஆடிக்கொண்டிருந்தது.

“வாங்க சார், உக்காருங்க சார்” என்றார் அண்ணன்.

தம்பி உடனே உட்காரவில்லை. நாற்காலியைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு உட்கார்ந்தான்.

கூடத்தில் புதிதாகப் போட்ட ஃபால்ஸ் சீலிங் என்கிற பொய்க்கூரையையும் அதில் நட்சத்திரம் போல் மின்னுகிற விளக்குகளையும் கண்ணாடிக்காரர் பெருமையோடு காட்டினார். தம்பி அண்ணாந்து பார்த்துவிட்டு, விளக்கைப் போட ஸ்விட்சில் கை வைத்தான். துள்ளி விழுந்தான். அந்த ஸ்விட்ச் ஷாக் அடிக்கும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அதற்கென்றே ஒரு மரக்கரண்டி பக்கத்தில் தொங்குகிறது. தம்பியும் அந்தக் கரண்டியால்தான் தினமும் விளக்குப் போடுகிறவன். ஆனால் வாங்க வந்தவருக்கு அது எப்படித் தெரியும்? மேலே நட்சத்திரம் காட்டுகிறீர்கள், தொட்டால் நேராக அங்கேயே அனுப்பி வைக்கிறீர்கள் என்று கோபித்துக்கொண்டான். குளியலறையில் பளபளவென்று போட்டிருந்த தரையில் கதவிலிருந்து வாளிவரைக்கும் நடக்காமலே போய்ச் சேர்ந்தான். இது குளிக்கிற இடமா, சறுக்கு விளையாடுகிற இடமா என்று கேட்டான். கண்ணாடிக்காரருக்கு வேர்த்துவிட்டது. மன்னிச்சுக்கோங்க சார், மாத்திடலாம் சார் என்று பின்னாலேயே ஓடினார்.

அண்ணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். தான் சொன்னால் காதில் ஏறாதது இவன் சொன்னால் ஏறுகிறதே என்று ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தோடு ஒரு யோசனையும் வந்தது.

“சாருக்குக் குழந்தைங்க இருக்காங்களா?” என்றாள்.

தம்பி அதை யோசித்து வைத்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கணக்குப் போட்டான்.

“இருக்காங்க. ரெட்டைப் பசங்க.”

“நடப்பாங்களா சார்?”

“ஓடுவாங்கம்மா. பிடிக்கவே முடியாது.”

அண்ணி முகவாயால் மாடிப்படியைக் காட்டினாள். தம்பி பார்த்தான். மொட்டைப் பக்கத்தைப் பார்த்தான், கீழே கல் தரையைப் பார்த்தான். இல்லாத பிள்ளைகள் இரண்டு பேரும் அவன் கண்ணெதிரே உருண்டு வந்தார்கள் போலிருக்கிறது, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டான்.

“சார், நான் பிள்ளைகுட்டிக்காரன். எனக்கு இந்த வீடு வேண்டாம்.”

கண்ணாடிக்காரர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார்கள். அதற்குள் புயல் சிணுங்கவே அண்ணி அதற்குப் பால் ஆற்றப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது இருவரும் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

சாப்பிட்டு முடித்ததும், கைப்பிடி போட வெல்டிங் பட்டறைக்காரரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள். கண்ணாடிக்காரர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. எதற்கு, விலையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன், கைப்பிடியும் மற்றதும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று பேசி முடித்தாயிற்றே என்றார். விற்ற வீட்டுக்கு யாராவது செலவு செய்வார்களா?

“வித்த வீடா? யாருக்குங்க வித்தீங்க?”

அவர் செய்தித்தாளாலேயே சமையலறைப் பக்கம் காட்டினார். வாங்கினவர் அங்கே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

அண்ணிக்குச் சிரிக்கிறதா அழுகிறதா என்று புரியவில்லை. நேரே சமையலறைக்குப் போனாள்.

“தம்பி, வீடு இப்ப உங்களுதாமே. அப்ப நாங்க உங்க வீட்லதான் குடியிருக்கோம். புயல் விழுந்தா நான் யாரைக் கேக்கணும்?”

கொழுந்தன் பாத்திரத்தைக் கீழே வைத்தான். அவன் நிமிர்ந்த விதத்திலேயே ஏதோ மாறிப்போனது. கையைத் துடைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தான். யாரைக் கேட்டு என் சுவரில் காலண்டர் மாட்டினீர்கள் என்று அண்ணனைக் கேட்டான். நாற்காலியைத் தரையில் இழுக்காமல் தூக்கி வைக்கச் சொன்னான். கண்ணாடிக்காரர் முதலில் சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை. கடைசியில் தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு, பட்டறைக்குப் போய்க் கைப்பிடி செய்யச் சொல்லப் போவதாகவும், நடுவில் பூ வேலைப்பாட்டுக்குள் தன் பெயரின் முதல் எழுத்தை வைக்கப் போவதாகவும் அறிவித்தான்.

கண்ணாடிக்காரர் பனியனோடு எழுந்தார்.

“என் வீட்டு மாடிப்படியில உன் எழுத்தாடா?”

தம்பி பதில் சொல்ல நிற்கவில்லை. அவன் வேகமாக நடக்க, அவர் அவனைவிட வேகமாக நடக்க, தெருமுனையில் இரண்டு பேருமே ஓடிக்கொண்டிருந்தார்கள். பின்னாலேயே அண்ணி குழந்தையோடு போனாள்.

பட்டறைக்காரர் முகமூடியைத் தூக்கிவிட்டு இருவர் பேச்சையும் கேட்டார். கேட்டு முடித்து, வீடு யாருடையது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். என்னது என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதைப் பேசித் தீர்த்துக்கொண்டு வாருங்கள் என்று அவர் முகமூடியை இறக்கிக்கொண்டு, பாதியில் விட்ட இரும்புக் கேட்டைப் பற்றவைக்கக் குனிந்தார்.

“அண்ணே, கொஞ்சம் இருங்க” என்றாள் அண்ணி. “வீடு யாருதா வேணா இருக்கட்டும். விழப்போறது இவ. இவ தலை நுழையாத அளவுக்குக் கம்பி நெருக்கமா வேணும். குறுக்குக் கம்பி வேண்டாம், மிதிச்சு ஏறிடுவா. நாளைக்குள்ள வேணும். நாளான்னிக்கு நான் வேலைக்குப் போறேன்.”

பட்டறைக்காரர் முகமூடியைக் கழற்றியே வைத்துவிட்டார். டேப்பை எடுத்து, காதுக்கு மேலே வைத்துப் புயலின் தலை அகலத்தை அளந்தார். அது டேப்பைத் தின்னப் பார்த்தது. அளந்ததை இரண்டு விரலை அகட்டிக் கண்ணாடிக்காரருக்குக் காட்டினார்.

அவர் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இவ்வளவுதானா?” என்றார்.

“இவ்வளவுதான்” என்றாள் அண்ணி.

அவர் பட்டறைக்காரர் பக்கம் திரும்பினார். இதைவிடவும் நெருக்கமாகப் போட்டுவிடுங்கள், ஜெயில் மாதிரி இருந்தாலும் சரி, நான்தான் பணம் கொடுப்பேன் என்றார். அப்படியானால் வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று தம்பி கேட்டான். கொடுத்துவிடுடா என்றார் அண்ணன். தம்பி யோசித்தான். ஷாக் அடிக்கிற ஸ்விட்சையும் சறுக்குகிற தரையையும் இந்த மாதமே சரிசெய்து தந்தால்தான் தருவேன் என்றான். அது தவிர இன்றைக்குப் படுக்கிறவரைக்கும் தன்னை யாரும் டேய் என்று கூப்பிடக்கூடாது.

“சரிங்க சார்” என்றார் கண்ணாடிக்காரர், பல்லைக் கடித்துக்கொண்டு.

மறுநாள் சாயங்காலம் கைப்பிடி ஏறியது. பூவும் இல்லை, எழுத்தும் இல்லை, நேர் நேராகக் கம்பிகள். பட்டறைக்காரர் போனதும் அண்ணி குழந்தையை மூன்றாவது படியில் இறக்கிவிட்டு கம்பிக்கு மறுபக்கம் போய்க் கீழே நின்றுகொண்டாள். புயல் கம்பியைப் பிடித்து எழுந்தது. உலுக்கியது. அம்மாவிடம் வருவதற்காகத் தலையை நுழைத்துப் பார்த்தது. அடுத்த கம்பிக்கு நகர்ந்து அங்கேயும் முட்டிப் பார்த்தது. எந்த இடத்திலும் வழி இல்லை என்று தெரிந்ததும் பொத்தென்று உட்கார்ந்து, முகம் சிவக்க, வீடு அதிரக் கத்தியது.

கண்ணாடிக்காரர் கடையிலிருந்து பதறி ஓடி வந்து தூக்கக் கையை நீட்டினார்.

“விடுங்க” என்றாள் அண்ணி. “நல்லா கத்தட்டும்.”