செமிலிங் மூலைக்கல்

"அந்த மூலைக் கோயில இன்னைக்கே டெர்மினேட் பண்ணிடுங்க, வசந்தன். நாளைக்கு புல்டோசர் வருது," என்றார் சாந்தினி. வீடமைப்பு நிறுவனத்தின் மேலாளர். செமிலிங் ஊரில் அவர்கள் வாங்கிய ரப்பர் தோட்டத்துக்கு எல்லை அளப்பது என் வேலை.

அந்தச் சொல்லைக் கேட்டாலே எரிச்சல். தோட்டத்தில் வேலை போனவர்களின் நோட்டீஸில் டெர்மினேட். என் மனைவி யோகேஸ்வரி இறந்தபின் அவள் போன் லைனுக்கும் டெர்மினேட். இப்போது கோயிலுக்கும்.

கோயில் என்றால் தகரக் கூரை, உள்ளே முழங்கால் உயரக் கல். அதுதான் முனியாண்டி சாமி. யோகேஸ்வரி இந்தத் தோட்டத்தில் பிறந்தவள். வெள்ளிக்கிழமைகளில் வந்து குங்குமம் வைப்பாள். அது எல்லைக்கல் என்று ஒருமுறை சொன்னேன். "உங்களுக்கு எல்லாமே அளவுதான்," என்றாள்.

அவளுடைய பெரியப்பா பக்கிரிசாமி பிளாஸ்டிக் நாற்காலியில் கல்லை மறித்து உட்கார்ந்திருந்தார்.

"பிடுங்க வந்துட்டியா மாப்ளே?"

"கல்லுல நம்பர் பாக்கணும், மாமா. தள்ளுங்க."

"சாமிக்கு எதுக்கு நம்பரு? அதுக்கும் நம்மள மாதிரி ஐசி கார்டு போட்டுட்டாங்களா?"

அவர் நகரவில்லை. என் மோட்டார் சைக்கிள் மீது உட்கார்ந்து, வெறுப்பில் அந்தச் சொல்லையே போனில் தேடினேன். லத்தீனிலிருந்து வந்ததாம். டெர்மினஸ் என்றால் எல்லைக்கல். ரோமானியர்களுக்கு அது தெய்வம். வருடத்துக்கு ஒரு நாள் இரண்டு பக்கத்து நிலக்காரர்களும் மாலை போட்டுப் படையல் வைப்பார்கள். எல்லை கட்டுவதுதான் அந்த வினையின் பழைய பொருள். முடித்து ஒழிப்பது பிறகு வந்தது.

மாமாவிடம் சொன்னேன்.

"அப்போ அவனுங்களும் நம்ம ஆளுங்கதான்லா. அப்புறம் ஏன் இந்தக் கம்பெனிக்காரனுங்க இடிக்கச் சொல்றானுங்க?"

"எல்லைக்கல்லு மேல யாரும் கை வைக்க முடியாது, மாமா. கேஸ் ஆயிடும். ஆனா நம்பர் தெரிஞ்சாதான் நான் எழுதிக் குடுக்க முடியும்."

நாற்காலியை ஒரு சாண் நகர்த்தினார்.

தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். மேலே இருந்தது நேற்றைய குங்குமம். அடியில் கறுத்து இறுகியிருந்தது பழையது. அதையும் தேய்த்தேன். எண் தெரிந்தது. வரைபடத்தோடு ஒத்துப்போனது.

சாந்தினியை அழைத்தேன். "அது எல்லைக்கல். எடுக்கக் கூடாது."

"ஐயோ, உங்களோட பெரிய தொல்லைலா. தகரத்தயாவது எடுக்கலாமா?"

"எடுங்க. கல்லு இருக்கும்."

மாமாவிடம் சொன்னேன். "தகரம் போனாப் போவுது. மழைக்கு ஒதுங்குற சாமியா இது?" என்றார். பிறகு குங்கும டப்பாவை நீட்டினார்.

"அழிச்சது நீ. நீயே வை."

"நீங்க வைங்க, மாமா."

"வை மாப்ளே. யோகு வரவா போறா?"

இதுவரை யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. எல்லாரும் என் முன்னால் அவள் பெயரையே விழுங்கினார்கள். டப்பாவைப் பிடுங்கினேன். எண்ணை மறைக்காமல், மேலே வைத்தேன்.

மாமா தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"ஊரையே அளக்குறே, பொட்டுக்கு நடு தெரியலியே."

துடைக்கவில்லை. அப்படியே விட்டேன்.