அமாவாசைப் பட்டியல்

பிண்டத்தை வைத்து இருபது நிமிடம் ஆகியும் காகம் இறங்கவில்லை.

ஓங்காரேஷ்வர் படித்துறையில் காலை பத்து மணி வெயில் சுளீரென்று அடித்தது. அரசமரத்தில் ஏழெட்டுக் காகங்கள். பக்கத்துக் குடும்பத்தின் பிண்டத்தை வந்து கொத்தின. மாதவின் பிண்டத்தை மட்டும் ஒதுக்கிவிட்டு மேலே போயின.

"மனசுல ஏதோ குறை வச்சுட்டுப் போயிருக்காரு," என்றார் குருஜி. "ஒவ்வொருத்தரா வந்து வாக்குக் கொடுங்க. சரியானதைச் சொன்னா பட்டுனு இறங்கும்."

மகன் அமேய் முதலில் போனான். "அப்பா, அம்மாவை பெங்களூர்ல என்னோட வச்சுப் பாத்துக்கறேன்."

காகம் அசையவில்லை.

"அம்மாவுக்கே இஷ்டமில்லாதது, காகத்துக்கு எப்படிடா பிடிக்கும்?" யாரோ பின்னாலிருந்து சொல்ல, இரண்டு பேர் இருமலில் சிரிப்பை மறைத்தார்கள்.

மாதவின் தம்பி கேசவ் முன்னால் வந்தார். "அண்ணா, நம்ம ஜாதகத் தொழிலை விடமாட்டேன். நாலு தலைமுறைப் பேரு. காப்பாத்தறேன்."

இருந்த காகங்களில் ஒன்று எழுந்து ஆற்றின் அக்கரைக்கே போய்விட்டது.

மாதவின் மனைவி வசுதா மரத்தைப் பார்க்கவில்லை. மேல்படியில் துணிப்பையுடன் நின்ற பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். குட்டை முடி. வந்து கால்மணி நேரமாகிறது; அழவுமில்லை, போகவுமில்லை.

இவள்தான். ஹேமாங்கி.

நேற்று மத்தியானம் வசுதாதான் போன் செய்தாள். மாதவின் போனில் கடைசியாகப் பேசிய எண், அந்தப் பேரில் இருந்தது. "நாளைக்குப் பத்தாம் நாள். வாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். வீட்டில் யாருக்கும் தெரியாது.

இரண்டு வருடமாக ஒவ்வோர் அமாவாசைக்கும் ஆளந்தியில் பஜனை என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். போன அமாவாசைக்குப் போனவர், விடிந்து திரும்பும் பஸ்ஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆளந்தியில் விசாரித்தாயிற்று. அப்படி ஒரு பஜனைக் கூட்டமே கிடையாது. அவருடைய பையில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச், ஒரு கறுப்புத் துணி, பைனாகுலர், வருடம் முழுவதற்குமான அமாவாசைத் தேதிகளின் பட்டியல்.

"அண்ணி, இதை வெளியில காட்டாதீங்க," என்று கேசவ் குரலை இறக்கினார். "அமாவாசை, செவப்பு வெளிச்சம், கறுப்புத் துணி... அண்ணன் மயான பூஜைக்குப் போயிருக்காரு."

வசுதா நம்பவில்லை. மயானத்துக்குப் போகிறவர் எதற்காகச் சவரம் செய்துகொள்கிறார்? வழக்கமாகக் கட்டும் ஆறு தாலிபீட் ரொட்டி போதாது, பன்னிரண்டாகக் கட்டு என்று ஏன் கேட்கிறார்?

படியேறிப் போனாள்.

"அவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"அதை நான் கேக்கணும்," என்றாள் ஹேமாங்கி. "தையல் மிஷின் கம்பெனியில கணக்கு எழுதி ரிடையர் ஆனவர்னுதான் எங்ககிட்ட சொல்லியிருந்தார். வாசல்ல அஞ்சலி போஸ்டரைப் பாத்தேன். ஜோதிட பாஸ்கர்னு பட்டம் போட்டிருக்கு. எங்களை வேவு பாக்க வந்தாரா?"

வசுதா இதை எதிர்பார்க்கவில்லை. "எங்களைன்னா? யாரு நீங்கல்லாம்?"

"நட்சத்திரம் பாக்கற குழு. பதினாலு பேர். தொழிலுக்கு இல்ல, ஆசைக்கு. வேல்ஹே பக்கம் ஒரு வயல்ல கூடுவோம்."

"அமாவாசை அன்னிக்கா?"

"நெலா இருந்தா மங்கலானதெல்லாம் தெரியாதே! வெள்ளை டார்ச் அடிச்சா கண்ணு இருட்டுக்குப் பழக மறுபடி அரை மணி ஆகும். அதான் செவப்புத் தாள். ஊர் வெளிச்சம் படாம இருக்கத் தலையில கறுப்புத் துணி."

பின்னாலேயே வந்துவிட்ட கேசவ் வெடித்தார். "நல்லா கதை விடறீங்க! கிரகம் எங்க இருக்குன்னு ஊருக்கே சொல்றவரு, வயல்ல போய்த்தான் பாக்கணுமா?"

"மொத நாள் சனியைக் காட்டினோம். அழுதுட்டார். நாப்பது வருஷமா இவரைப் பத்தியே பேசறேன், மொகத்தைப் பாத்ததில்லன்னார். அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்." ஹேமாங்கி வசுதாவிடம் திரும்பினாள். "அந்தத் தாலிபீட் நீங்க செஞ்சதா? ஆளுக்கு ஒண்ணுகூடத் தேறாது. அடிச்சுப்போம்."

கேசவின் முகம் கறுத்தது. "இது வெளிய தெரிஞ்சா ஒரு ஜாதகம் வராது, அண்ணி."

அதனால்தான் சொல்லவில்லையா? கேசவிடம் சொல்லவில்லை, சரி. என்னிடம்? வசுதாவுக்கு அது மட்டும் ஒப்பவில்லை. நன்றாக ஒத்திகை பார்த்த கதையும் இப்படித்தான் இருக்கும்.

"சாட்சி இருக்கா?" என்றாள்.

ஹேமாங்கி பையிலிருந்து நாலைந்து தாள்களை எடுத்துக் கொடுத்தாள். "புதுசா வர்றவங்களுக்காக எழுதிக்கிட்டிருந்தார். புஸ்தகமெல்லாம் இங்கிலீஷ்லயே இருக்கு, மராத்தி மட்டும் தெரிஞ்சவன் எங்க போவான்னு சண்டை போடுவார்."

ஜாதகக் கட்டம் எழுதும் அதே கோணல் எழுத்து. யாரும் போலி செய்ய முடியாதது.

'முதல் வருடம் தொலைநோக்கி வாங்காதே. பைனாகுலர் போதும். மொட்டைமாடியிலிருந்து பத்து நட்சத்திரங்களைப் பேர் சொல்லப் பழகு. சுழற்றும் நட்சத்திர வட்டு ஒன்று வாங்கு. வேறு ஊருக்குச் செய்தது நம் ஊருக்கு உதவாது.' நூலகத்தில் எந்த அலமாரியில் எந்தப் புத்தகம், போனில் பார்க்கும் வரைபடங்களில் எதை நம்பலாம், பொம்மையைத் தொலைநோக்கி என்று விற்கும் கடைக்காரனை எப்படிக் கண்டுபிடிப்பது என்று வரிசையாக இருந்தது.

கடைசி வரியைப் பேனாவால் அடித்திருந்தார். அடித்த கோட்டுக்குக் கீழே படிக்க முடிந்தது.

'தனியாக வராதே. வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வா.'

"இது ஏன் அடிச்சிருக்கு?"

"நாங்க அடிக்கல. போன தடவைதான் எழுதினார், அங்கயே அடிச்சார். கேட்டதுக்கு, இதைச் சொல்ற யோக்கியதை எனக்கில்லன்னார்."

கீழேயிருந்து குருஜி கூப்பிட்டார். "நேரமாச்சுங்க. காகம் வரலைன்னா தர்ப்பையில காகம் மாதிரி ஒண்ணு பண்ணித் தொட வச்சுடலாம். தப்பில்ல."

"பண்ணிடுங்க," என்றார் கேசவ்.

"இருங்க," என்றாள் வசுதா.

தாள்களை மடித்து ஹேமாங்கியிடம் நீட்டினாள். "அச்சுல போடும்போது அந்த வரியும் இருக்கட்டும்."

"அடிச்சதா?"

"அடிக்காம."

குருஜியின் விரல்களுக்கு நடுவே தர்ப்பை பாதி முறுக்கில் நின்றது. வசுதா மரத்தைப் பார்த்தபடி படியிலேயே உட்கார்ந்தாள். அமேய் குடையை விரித்துக் கொண்டுவந்து கொடுத்தான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, இடப்பக்கம் நின்ற ஹேமாங்கியைப் பார்க்காமலே, குடையை அவள் பக்கமாகச் சற்றுச் சாய்த்துப் பிடித்தாள்.