வளையத்துக்கு அடியில் இருந்த எழுத்து

தங்கை செத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அவள் புருஷன் அவள் உயிரைக் குடித்த அந்த ரிவால்வரைத் தூக்கிக்கொண்டு விற்க வந்துவிட்டான். வேறு கடையே கிடைக்கவில்லையா என்று அக்காவுக்கு வயிறு எரிந்தது. பழைய துப்பாக்கி வாங்க உரிமம் உள்ள கடை அந்த வட்டாரத்தில் அவளுடையது ஒன்றுதான்.

"சீக்கிரம் பாத்துச் சொல்லுங்கக்கா. ஒத்தை எழுத்து மாடல். கீழ விழுந்தாலே வெடிக்கும். விபத்துன்னு எழுதி போலீஸே திருப்பிக் குடுத்துட்டாங்க."

கூசாமல் சொன்னான். அக்கா பிடியின் அடிப்பக்கத்தைத் திருப்பினாள். நம்பருக்கு முன்னால் 'டி' தெரிந்தது. ஒற்றை 'டி' என்றால் ஆரம்பகால வகை. கைதவறினாலே சுட்டுவிடும். அப்படி ஒரு ஆளைக் காவு வாங்கிய பிறகுதான் கம்பெனிக்காரனுக்குப் புத்தி வந்து, விழும்போது சுத்தியல் குண்டைத் தட்டாமல் தடுக்க உள்ளே ஒரு இரும்புத் துண்டை வைத்தான். வைத்ததற்கு அடையாளமாக டி-க்கு முன்னால் ஒரு 'எஸ்' குத்தினான்.

அந்த இடத்தை மறைத்துக்கொண்டு, வார் மாட்டும் வளையம் படுத்துக் கிடந்தது. நகத்தால் நிமிர்த்தினாள். அடியில் 'எஸ்'.

"இது விழுந்து வெடிக்கிற ரகமே இல்ல, மாப்ள."

"தொறந்துதான் பாருங்களேன்." அவனுக்கு இளக்காரம்.

பக்கத் தகட்டைக் கழற்றினாள். துண்டு இருக்க வேண்டிய பள்ளம் காலியாக இருந்தது.

"கதை பொருந்தணும்னு அவ செத்த பிறகு கழட்டி எறிஞ்சியா?" மாப்பிள்ளை மரியாதையெல்லாம் காற்றில் பறந்தது. "என் தங்கச்சியச் சுட்டுட்டு என்கிட்டயே விக்க வரியா?"

"வாய அடக்குங்க!" மேசையை ஓங்கித் தட்டினான். "நான் சுடல. அலமாரி மேலேர்ந்து விழுந்துதான் வெடிச்சுது. துண்டைக் கழட்டி ரெண்டு வருஷம் ஆச்சு. விசை லேசா வரட்டும்னு கழட்டினேன். அவளே பக்கத்துல நின்னு பாத்துட்டுதான் இருந்தா!"

குண்டு போட்ட துப்பாக்கி மேலே இருக்கும் அந்த அலமாரியைத் தங்கைதான் தினமும் துடைப்பாள்.

"அந்தத் துண்டு எதுக்குன்னு அவ கேக்கலையா?"

"கேட்டா." அவன் குரல் இறங்கியது. "ஒண்ணுக்கும் உதவாத துண்டுன்னு சொன்னேன்."

அக்கா ரிவால்வரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, போலீஸைக் கூப்பிடப் போனை எடுத்தாள்.