நாலாம் குடுவை

அந்த எண்ணைப் பார்த்த அன்றைக்கு ஆலியாவுக்கு மத்தியானச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். திருச்சியில் ஒரு கல்லூரி லேபில் வைக்கோலை எத்தனாலாக்கும் ஆராய்ச்சியில் அவள் இறங்கி இரண்டு வருஷம். வைக்கோலைச் சர்க்கரையாக உடைத்துக் கொடுக்க நல்ல பாக்டீரியா ஒன்று வேண்டும். அதற்கப்புறம் சர்க்கரையை எத்தனாலாக்க ஈஸ்ட் இருக்கிறது. முதல் படிதான் இழுத்தடித்தது. இப்போது நாலாம் குடுவையில் மட்டும் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அவளுடைய கைடு பிரேமலதா மேடம் அன்றைக்கே ஒரு கருத்தரங்குக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பிவிட்டார்.

அதற்குப் பதினோராம் நாள் காலையில் லேப் நோட்டைப் புரட்டியபோது அவள் கையெழுத்திலேயே ஒரு வரி இருந்தது: 'குடுவை 4, குளுக்கோஸ் சேர்த்தேன்.' பாக்டீரியா உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கப் போட்டது. போட்டதையே மறந்திருக்கிறாள். வைக்கோலிலிருந்து வந்த சர்க்கரை இல்லை, அவள் கொட்டிய சர்க்கரை.

அந்த வரி வேறு யார் கண்ணிலும் படப்போவதில்லை. அம்மாவுக்கு போன் போட்டு, "சாப்டீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தாள். நாலு மணிக்கு மேடத்தின் அறைக்குப் போனாள்.

"மேடம், அந்த ரிசல்ட் தப்பு. நான்தான் கவனிக்கல."

மேடம் நோட்டை வாங்கிப் படித்தார்.

"எப்ப பாத்தீங்க?"

"காலைல."

"காலைலயே வந்திருக்கலாம்." லேப்டாப்பைத் திறந்து கொஞ்ச நேரம் தட்டினார். "கருத்தரங்குக்கு அனுப்பினதை வாபஸ் வாங்கிட்டேன். அந்த பாக்டீரியாவை விடுங்க. வேற எங்கயாவது தேடுங்க."

மறுநாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி லால்குடி போனாள். லேபுக்கு வைக்கோல் கொடுக்கும் பொன்னுத்தாய், வழக்கம்போல் வைக்கோல்போரின் மேலிருந்து காய்ந்ததாக உருவினாள்.

"மேல இருக்கறது வேண்டாங்கக்கா. அடியில இருக்கறது குடுங்க."

"அது மழையில ஊறி மக்கிப்போச்சும்மா. மாடே மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குது."

"மாடு வேண்டாங்கறதை உள்ள வேற ஏதோ தின்னுக்கிட்டு இருக்குக்கா. அதைத்தான் தேடி வந்தேன்."

பொன்னுத்தாய் சிரித்துக்கொண்டே கையை உள்ளே விட்டாள். "அடி ஆத்தி, கொதிக்குது!"

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு முன்னால் போய் நின்றார்.

அந்த மக்கிய வைக்கோலிலிருந்து பிரித்த பாக்டீரியாவை விட்டதில், மூன்று வாரத்தில் குடுவைக்குள் வைக்கோல் கூழாகிவிட்டது. சர்க்கரை பழைய எண்ணில் கால்வாசிகூட இல்லை. ஆனால் இது வைக்கோலிலிருந்தே வந்தது. மேடம் சொன்னபடி மூன்று முறை செய்து பார்த்தாள். மூன்றிலும் அதே அளவு.

அன்று சாயங்காலமே பொன்னுத்தாய்க்கு போன் போட்டாள். "அக்கா, அந்த அடி வைக்கோலைக் கொளுத்திடாதீங்க. இன்னும் ரெண்டு சாக்கு வேணும்."

"எடுத்துக்க. ஆனா வேன்ல வா தாயி, பஸ்ல ஏத்த மாட்டாங்க."