உயிரோடு உள்ள மகோகனி நானூறு

ஜூன் மாதத்து முதல் மழை பெய்த மூன்றாம் நாள் காலையில், தோன் பிதென்சியோ உஸ்காங்கா தன் நிலத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு குச்சியை முறைத்துக்கொண்டிருந்தார். குச்சியின் நுனியில் ஒரு துளிர். அறுபத்தெட்டு வயதுக்குள் அவர் சந்தேகப்படாத ஆள் இல்லை. வங்கி மேலாளரை, வானிலை சொல்லும் ரேடியோக்காரனை, புதிதாக வந்த பாதிரியாரின் நாயைக்கூட. ஆனால் ஒரு துளிரைச் சந்தேகப்பட வேண்டி வரும் என்று நினைத்ததில்லை. அடுத்த குச்சியைப் பார்த்தார். அதிலும் துளிர். அதற்கடுத்ததிலும். நானூறு குச்சிகளும் கூடிப் பேசிவைத்துக்கொண்டதுபோல அவருக்கு எதிராகத் துளிர்த்திருந்தன.

நடந்தது இதுதான். நிலத்தில் மகோகனி நட்டு உயிரோடு காப்பாற்றுகிறவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை என்று அரசாங்கம் ஒரு திட்டம் போட்டது. கன்றுகள் ஏப்ரலில் வந்தன. வெராக்ரூஸில் ஏப்ரல் மாதம் பல்லி நிழல் கேட்டு மனு கொடுக்கும் காலம். மூன்று லாரி, ஒரு பேண்டு வாத்தியம், பதினான்கு அதிகாரிகள், ஆளுக்கொரு தொப்பி, தொப்பிக்கொரு சின்னம். கன்றுகள் பதினொரு நாள் வழியிலேயே கிடந்து வந்தவை. பேண்டு வாசித்தது கல்யாணப் பாட்டுதான். பொருத்தமாயிருந்திருக்க வேண்டியது சாவு மேளம். தோன் பிதென்சியோ ஆச்சரியப்படவில்லை. முன்பொரு தடவை இதே ஊருக்கு முயல் வளர்க்கச் சிமெண்டு வீடு கட்டிக் கொடுத்தார்கள். ஊரிலேயே ஒழுகாத கூரை அதுதான், முயல்தான் இன்றுவரை குடிவரவில்லை. மின்சாரம் எட்டாத மேட்டுக்குத் தண்ணீர் மோட்டார் கொடுத்தார்கள். அதன்மேல் கோழி அடைகாத்தது.

மே மாதம் கன்றுகளை எண்ண ஆள் வருகிறார் என்று தெரிந்ததும் அவர் வெட்டுக்கத்தியோடு வேலிப்பக்கம் போனார். அந்த வட்டாரத்தில் வேலி என்றால் கொக்குயித்தே மரம்தான். கொம்பை ஒடித்து நட்டு முள்கம்பியை ஆணியடித்துவிட்டால் வேலி. நானூறு கொம்பு வெட்டி, செத்த கன்றுகளின் குழியிலேயே ஊன்றினார். இலையில்லாத மகோகனிக்கும் இலையில்லாத கொக்குயித்தேவுக்கும் என்ன வித்தியாசம் என்று எண்ண வந்தவருக்குத் தெரியவில்லை. உண்ணி கடிக்கும் என்று அவர் வேனைவிட்டு இறங்கவேயில்லை. கண்ணாடியைக்கூட இறக்காமல், கைப்பேசியை ஜன்னலில் ஒட்டிவைத்துப் படமெடுத்து, ‘உயிரோடு உள்ள மகோகனி நானூறு’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது அவை நிஜமாகவே உயிரோடு இருந்தன. அதுதான் வினை. இலை விட்ட கொக்குயித்தேவை ஓடுகிற பஸ்ஸிலிருந்தே குழந்தை அடையாளம் சொல்லும். பிடுங்கிப் போட்டால் நிலம் வெறுமை. உதவித்தொகைப் பட்டியலிலிருந்து பெயர் போகும். விட்டுவைத்தால் திருட்டு அம்பலம். அப்போதும் பெயர் போகும். பெயர் போனால் மாதத் தொகை போகும், தொகை போனால் அவர் மொந்தெர்ரே நகரத்தில் மகள் வீட்டுக்குப் போக வேண்டும். மகள் போனில் அன்பாகத்தான் சொன்னாள்: “வாஷிங் மெஷின் இருக்கிற ரூம்ல உங்களுக்குக் கட்டில் போட்டாச்சுப்பா. மெஷின் ஓடும்போது மட்டும் கொஞ்சம் எந்திரிச்சு வெளியில உக்காந்துக்கணும்.” எட்டுப் பேர் உள்ள வீடு அது. மெஷின் எப்போது நிற்கும் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாளே யாதிரா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். திட்டத்தின் இந்தப் பகுதிக்கு அவள்தான் இஞ்சினியர். பக்கத்து ஊர் சான் அந்த்ரேஸ்காரி.

“வியாழக்கிழமை தலைநகரத்துல இருந்து டைரக்டர் வர்றார், தோன் பிதென்சியோ. உங்க நிலத்தத்தான் பாக்கணுமாம்.”

“எதுக்கு என் நிலம்? ஊர்ல வேற நிலமே இல்லையா?”

“மத்த நாப்பத்தொரு நிலத்துலயும் ஒண்ணுகூடப் பொழைக்கல. உங்களோடதுதான் பச்சையா நிக்குது.” சொல்லும்போது அவள் பச்சையைப் பார்க்கவில்லை, தன் ஹெல்மெட்டின் வாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சான் அந்த்ரேஸில் பிறந்துவிட்டு கொக்குயித்தே தெரியாதவள் கிடையாது. தெரிந்தும் ஏன் சொல்லவில்லை? பொறி வைக்கிறாளா? பொறி என்றால் இவ்வளவு களைத்த முகத்தோடு யாராவது வைப்பார்களா? அதையும் அவர் சந்தேகப்பட்டு வைத்தார்.

அதைவிடப் பெரிய சந்தேகம் வேலிக்கு அந்தப்பக்கம் இருந்தது. மாட்டுப்பண்ணைக்காரர் ருத்திலியோ. பிதென்சியோவின் மகளுக்கு ஞானத்தகப்பன், அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்று கூப்பிட்டுக்கொண்டு முப்பத்தைந்து வருஷமாகச் சண்டை போட்டுவருகிறார்கள். பிதென்சியோ ஊரைவிட்டுப் போனால் அந்த நிலத்தைப் புல்வெளியாக்கிக்கொள்ள ருத்திலியோவின் மாடுகள்கூடத் தயாராயிருந்தன.

“நம்ம வரிப்பணம் கொம்பாத்ரே,” என்றார் ருத்திலியோ, வேலியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு. “குச்சி நட்டவனுக்குக் காசு, குந்தியிருந்தவனுக்குக் காசு. இப்படிக் குடுத்துக் குடுத்துத்தான் நாடு நாசமாப் போச்சு.”

“நீரு எந்தக் காலத்துல வரி கட்டினீரு?”

“கட்டலேன்னா? வருத்தப்படக் கூடாதா?”

“உம்ம வீட்டு வாசல் வரைக்கும் தார் ரோடு யாரு போட்டா? மாட்டுக்கு உண்ணி மருந்துத் தொட்டி கட்டிக்கன்னு குடுத்த பணத்துல பேரப்பிள்ளைங்க நீச்சலடிக்குதே, அது என்ன காசு?”

“அது உற்பத்திக்கான ஊக்கம்,” என்றார் ருத்திலியோ, கோயிலில் வாசிக்கிற குரலில். “உம்மோடது பிச்சை.” பிறகு குனிந்து குச்சிகளை நிதானமாகப் பார்த்தார். “மகோகனி என்ன அழகா வருது. வியாழக்கிழமை நானும் வந்து நிக்கிறேன். டைரக்டருகிட்ட நாலு வார்த்த பேசணும்.”

வியாழக்கிழமை ஐந்து வேன் வந்தது. ஒரு துளிருக்கு ஒரு அதிகாரி என்று கணக்குப்போட்டு அனுப்பியதுபோல இறங்கிக்கொண்டே இருந்தார்கள். பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி, குளிர்ந்த தண்ணீர். அந்தப் பந்தல் செலவில் நாற்பத்திரண்டு நிலத்துக்கும் மே மாதம் முழுக்கத் தண்ணீர் ஊற்றியிருக்கலாம். டைரக்டர் உயரமான, மரியாதையான மனிதர். ஒரு துளிரை இரண்டு விரலால் தடவினார். “தாங்குதிறனுள்ள ரகம்,” என்றார். பின்னாலிருந்தவர்கள் எழுதிக்கொண்டார்கள். பிதென்சியோ யாதிராவைப் பார்த்தார். யாதிரா வேனின் டயரைப் பார்த்தாள்.

ருத்திலியோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தார். பிதென்சியோவின் காதில் மகள் வீட்டு வாஷிங் மெஷின் ஓட ஆரம்பித்தது.

“சார், இந்த ரகம் எங்க மண்ணுக்கே உரியது. வெறும் கொம்ப ஒடிச்சு நட்டாப் போதும். என் வேலி நெடுக இதுதான் நிக்குது. அரசாங்கத்துக்கு எத்தனையாயிரம் வேணும்னாலும் நான் தர்றேன், விலை பாத்துப் போட்டுக்கலாம். நாட்டுக்காக.”

டைரக்டர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இன்றைக்கே இருநூறு கொம்பு தலைநகரத்துக்குப் போகட்டும், அடுத்த வருஷம் மாநிலம் முழுக்க இதுதான் என்றார். ருத்திலியோவின் ஆட்கள் சொல்லிவைத்ததுபோல வெட்டுக்கத்தியோடு நின்றார்கள். முள்கம்பியைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு வேலியை வெட்டி வேனில் ஏற்றலானார்கள். ருத்திலியோ பிதென்சியோவைப் பார்த்து ஒரு கண்ணை மூடித் திறந்தார். முப்பத்தைந்து வருஷத்தில் ஒருமுறைகூட அவர் அப்படிச் செய்ததில்லை என்பதால் பிதென்சியோ இன்னும் அதிகமாகப் பயந்தார்.

யாதிரா ஒரு அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு வந்தாள். “இது மகோகனிதான்னு நட்டவரோட கையெழுத்து வேணுமாம்.”

“நான் போடணுமா? நீ படிச்சவளாச்சே.”

“நான் போட்டாச்சு, தோன் பிதென்சியோ,” என்றாள் மெதுவாக. “நாப்பத்தொரு நிலம் செத்துப்போச்சுன்னு ரெண்டு ரிப்போர்ட் அனுப்பிச்சேன். கன்னுங்க வழியிலயே செத்துச்சுன்னு தேதியோட எழுதினேன். ரெண்டும் திரும்பி வந்துருச்சு. கூடவே என்னை வேற ஊருக்கு மாத்தறதா ஒரு கடுதாசி. மூணாவதா உங்க நிலத்துல நானூறும் உயிரோட இருக்குன்னு அனுப்பினேன். உடனே அஞ்சு வேன் வருது.”

அவர் பேனாவை வாங்கினார். பொய் சொல்லிக் கையெழுத்துக் கேட்டவர்கள் உண்டு, உண்மையைச் சொல்லிக் கேட்டவர் இதுவரை யாருமில்லை. தாளில் அவர் பெயருக்குக் கீழே கோடு போட்டிருந்த இடம் மட்டும் காலியாக இருந்தது. போட்டால் கட்டில் இங்கே. என்றைக்காவது யாராவது விழித்துக்கொண்டால் கட்டில் சிறையில். பேனாமுனை தாளைத் தொட்ட நேரத்தில் கூட்டத்தில் சத்தம் அடங்கியது.

வெட்டிய வேலியின் இடைவெளி வழியாக ருத்திலியோவின் பழுப்புப் பசு ஒன்று உள்ளே வந்திருந்தது. அந்த வட்டாரத்து மாடு பட்டினியில் செத்தாலும் மகோகனியின் கசப்பு இலையில் வாய் வைக்காது. கொக்குயித்தே அதற்குக் கல்யாணச் சாப்பாடு. முதல் வரிசையில் நின்று, ஒரு குச்சியை முகர்ந்து, நாக்கைச் சுழற்றித் துளிரை இழுத்தது. ருத்திலியோ தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டார்.

டைரக்டர் பசுவைப் பார்த்தார். பிறகு திரும்பி, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டார்: “மாடு மகோகனி தின்னுமா, தோன் பிதென்சியோ?”

பசு தலையைத் தூக்கியது. பாதி இலை வாய்க்குள்ளும் பாதி வெளியிலுமாக, மெல்லுவதை நிறுத்திவிட்டு, ஐந்து வேன்களையும் பந்தலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தது. அது விழுங்குவதற்காக எல்லோரும் காத்திருந்தார்கள்.