பத்தரைக்கு மேல் நல்ல நேரம்

பலகை முழுக்கச் சிவப்பு விளக்குகள், ஒன்றை அணைத்தால் இன்னொன்று, காதை அழுத்துகிறது ஹெட்போன், கோமளவல்லி கம்பியை எடுத்துச் செருகுகிறாள், டிரங்க் எக்ஸ்சேஞ்ச் சார், லைன்ல இருங்க, வெளியூர் போன்களைக் கம்பி செருகி இணைத்த அந்த எக்ஸ்சேஞ்சை மூடியே இருபத்தைந்து வருஷமாகிறது, ஆனாலும் கண்ணை மூடினால் போதும், பாழாய்ப்போன விளக்குகள் எரிய ஆரம்பித்துவிடும், இன்று கையில் இருப்பதோ கம்பியல்ல, ஒரு மாத்திரை, வெளியே காய்கறிக்காரன் கத்துகிற வெயில் நேரம், எதிரே அவள் வீட்டுக்காரர் தெய்வசிகாமணி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு டப்பாவில் இருப்பதை எழுத்துக்கூட்டுகிறார், பால்மிடாயில் எத்தனாலமைடு, யம்மாடி, பேரைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்கே தூக்கம் வருது.

தூக்கம் வருவதற்கென்று மகள் பெங்களூரிலிருந்து அனுப்பியது, நம் உடம்பே செய்துகொள்கிற ஒருவகைக் கொழுப்புச் சத்துதானாம், டாக்டரும் சாப்பிட்டுப் பாருங்கம்மா என்றுவிட்டார், ஆனால் இந்த மனிதர் விட்டால்தானே, ஒன்பது நாளாய் அஷ்டமி என்பார், நவமி என்பார், செவ்வாய்க்கிழமை என்பார், உனக்குச் சந்திராஷ்டமம் என்பார், கடைசியில் இன்றைக்குத்தான் காலண்டரில் மருந்துண்ண நன்று என்று போட்டிருக்கிறது, அதுவும் காலை பத்தரைக்கு மேல், தூங்குற மாத்திரையைக் காலையில யாராச்சும் சாப்பிடுவாங்களாங்க, நல்ல நேரம் உனக்காக ராத்திரி வரைக்கும் காத்துக்கிட்டு இருக்குமா, முழுங்கு கோமளம். முழுங்கினாள்.

கட்டிலில் சாய்ந்ததும் வந்துவிட்டது அந்த ஒரு விளக்கு, முப்பத்தெட்டு வருஷமாய் அணையாதது, சாத்தூர்க்காரர் ஒருவர், மேடம், அம்மாவுக்கு மூச்சு இழுக்குது, தூத்துக்குடியில எங்கண்ணன் இருக்கான், அவன் குரல் ஒரு தடவை அம்மா காதுல விழுந்துட்டாப் போதும், லைன் கிடைக்கட்டும் என்று காத்திருந்த கோமளவல்லி கண்ணயர்ந்துவிட்டாள், ஆறே நிமிஷம், பதறி எழுந்து லைனைச் சேர்த்தபோது அந்த அம்மாள் போய்ச் சேர்ந்திருந்தாள், அவர் திட்டவுமில்லை, பரவாயில்ல மேடம் என்றார், திட்டித் தொலைத்திருந்தால் இவள் தூங்கியிருப்பாள், அன்றைக்குப் போன தூக்கம், ரிட்டயரான பிறகும் திரும்பவில்லை, எங்கே எவன் போன் அடித்தாலும் நெஞ்சு திக்கென்று எழுந்து உட்காரும், இப்போது என்னவோ கைகால் மெல்லத் தளர்கிறது, சாத்தூர்க்காரர் லைனுக்கு வருகிறார், பேசி முடிச்சுட்டோம் மேடம், நீங்க கட் பண்ணிக்கங்க, அவள் கம்பிகளை உருவுகிறாள், சாத்தூர், தூத்துக்குடி, ஒவ்வொன்றாய், பலகை இருட்டாகிறது, அடடா, என்ன சுகமான இருட்டு.

கண் விழித்தபோது சாயங்காலம் மணி ஐந்தரை, தெய்வசிகாமணி கட்டிலோரம் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், மூக்குல விரலை வச்செல்லாம் பார்த்துட்டேன் கோமளம், பாப்பா நாலு தடவை கூப்பிட்டா, போன் உன் தலைமாட்டுலதான் இருந்துச்சு, நான் பேசினா நீ முழிச்சுக்குவியேன்னு எடுக்கலை, நாலு தடவையும் முழுசா அடிச்சு ஓய்ஞ்சுது, நீ அசையலையே. நாலு தடவையா, நிஜமாவா, அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, நான்கு அழைப்பைத் தவறவிட்டிருக்கிறாள், யாரும் சாகவில்லை, போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள், அந்தப் பக்கம் பதறியது, என்னம்மா ஆச்சு, ஏன் எடுக்கலை. ஒண்ணும் ஆகலடி, அம்மா தூங்கிட்டிருந்தேன், சொல்லும்போதே குரல் எட்டுக்கட்டைக்குப் போனது, தெரு முழுக்கக் கேட்டிருக்கும், கேட்கட்டும்.